நீங்கள் கொள்ளாம் என்று சொன்ன பீர்

நேற்று விறகுப்புரையைத் தூத்துப் பெருக்கியபோது ஒரு பாட்டில் கிடைத்தது. உங்களை எரித்துவிட்டு வந்த அன்று மருமகனும் அவன் கூட்டாளிகளும் குடித்து மிச்சம் வைத்தது. மேலே மணிப் படம். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும், ஆனால் அந்த மணியை மறக்க மாட்டேன். ஒரு டம்ளரில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொட்டையை அரைத்துக் குடித்தது போல நாக்கின் அடி வரை கசந்தது. துப்பிவிட்டேன்.

நீங்கள் திருவனந்தபுரத்துக் கிளப்பில் வேலை பார்த்த காலம் அது. வெயிலில் பீர் கெட்டுப்போகும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாட்டிலை உடைத்து உங்கள் கையில்தான் தருவார்கள். நீங்கள் மோந்து பார்த்து, வாயில் நிறுத்தி, "கொள்ளாம்" என்றால் மேசைக்குப் போகும். "கொள்ளூல" என்றால் பெட்டியோடு திரும்பிப் போகும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் எனக்கும் அந்தக் கதைதான். தென்னை மரப் படம் முதல் தரம், வண்டிப் படம் இரண்டாவது. மணிப் படத்தைச் சொல்லும்போது இடது கண் சுருங்கிவிடும். "எட்டி, அது பீரு இல்ல, கசாயமாக்கும்." உங்கள் பேச்சைக் கேட்டுக் கிளப்பில் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் வாயை மோந்தே எந்தப் படம் என்று சொல்லப் பழகியிருந்தேன். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை வாசலிலேயே கண்டுகொண்டேன். உங்கள் வாயில் மணி வாசம்.

எல்லைச் சண்டை முற்றிய நேரம். நம்ம ஊரையும் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்று ஊர்வலம் போன என் தம்பியைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவன் நம் அடுக்களையில் ஒளிந்திருந்தான். பக்கத்து ஊரான குன்னத்துகாலில் ஒரு காண்டிராக்டர் பங்களாவில் அவனைத் தேடி வந்த இன்ஸ்பெக்டர் தங்கியிருந்தார். கிளப்பில் நிறுத்திய மணி பீர் இந்தப் பக்கத்தில் அங்கேதான் இருக்கும்.

"எங்க குடிச்சிய?" என்று கேட்டேன்.

"காண்டிராக்டரு கூப்பிட்டாரு, இன்ஸ்பெக்டருக்கு ஊத்திக் குடுக்க ஆளில்லைன்னு. வரும்போ ரெண்டு பாட்டிலும் தந்தாரு." பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்து, "அவன் தின்னானா?" என்றீர்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் முற்றத்தில் போலீஸ். இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும். பீர் உங்கள் நாக்கை அவிழ்த்துவிட்டது என்றே நினைத்தேன். மச்சினன் வேறெங்கே போவான், அக்காள் வீட்டுக்குத்தான் போவான் என்று சொல்லியிருப்பீர்கள். நீங்களோ நாற்காலியைத் தூக்கி முற்றத்தில் போடுகிறீர்கள்.

"ஏமானே, நேத்து தந்தது அப்படியே இருக்கு. ஒரு வாய் ருசி பாத்துட்டு உள்ள போலாம்."

"எடோ, காலத்தே வெறும் வயித்திலயா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சரி, நீ கிளப்பில ருசி பாக்குறவனல்லே? இது எப்படி, சொல்லு."

நீங்கள் ஒரு கிளாஸை மோந்து, வாயில் நிறுத்தி, மெதுவாக விழுங்கினீர்கள். "கொள்ளாம் ஏமானே. முதல் தரமாக்கும். இன்னும் ஒண்ணு குடிச்சாத்தான் தீத்துச் சொல்ல முடியும்."

போலீஸ்காரர்களுக்கும் ஊற்றினீர்கள். எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். தம்பி வீட்டுக்குப் பக்கவாட்டில் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைக்குள் குனிந்து ஓடினான். அந்த விளை உங்கள் கண்ணுக்கு நேரே இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அது முதுகுப் பக்கம்.

அவர்கள் வீட்டைக் கிண்டிவிட்டுப் போன பிறகு நீங்கள் கிணற்றுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தீர்கள். நல்லா வேணும் என்று நின்றேன். "அவன் போனதக் கண்டியளா?" என்று கேட்டதற்கு, "நான் கிளாஸையாக்கும் பாத்துகிட்டிருந்தேன்" என்றீர்கள். கடைசிவரை அதே பதில்தான். தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டான். "காட்டிக் குடுத்தவன் வீட்டுல கால் வைக்க மாட்டேன்" என்றவன், என் மகள் கல்யாணத்துக்கும் முற்றத்தோடு நின்று பேசிவிட்டுப் போனான்.

நேற்று அதை நாக்கில் வைத்த பிறகு நினைத்துப் பார்த்தேன். உங்களைப் போல நாக்கு உள்ள மனுசன் அதை 'முதல் தரம்' என்று சொல்வானா? இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிப்பானா? எதற்குக் குடித்தீர்கள்? சண்டையெல்லாம் தீர்ந்த பிறகாவது ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல முடியாதபடி அந்தப் பங்களாவில் வேறு என்ன நடந்தது?

இன்று உங்கள் பதினாறாம் நாள் காரியம். தம்பி வந்தான், வழக்கம்போல முற்றத்தில் நின்றான்.

"உள்ள வா மக்கா."

"இங்கனயே நிக்கேன் அக்கா."

"போலீசுக்குச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. அத்தானாவும் இருக்கலாம். எனக்கு இப்பவும் சந்தேகம் உண்டு. ஆனா நீ ஓடுனதை அவரு கண்டாரு. கண்டுட்டுத்தான் அந்தக் கசாயத்தை மடக்கு மடக்கா குடிச்சாரு, நீ விளை தாண்டுற வரைக்கும்."

அவன் விளை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். வெயில் தலையில் விழ அப்படியே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான். இலை போட்டதும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்க முடியவில்லை.

உங்களை முழுதாக நம்ப இப்போதும் எனக்கு முடியவில்லை. பாதிச் சந்தேகம் என்னோடேதான் இருக்கும். மற்றப் பாதியை வைத்துத்தான் இன்று என் தம்பியை வீட்டுக்குள் கூட்டி வந்தேன்.