விட்டோமிர் அண்ணனின் ஜாக்கி

வல்யெவோ, 3 நவம்பர் 2003

என் தங்கம் டெசாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் கார் டயர் வெடிக்கும், டிக்கியில் ஜாக்கி இருக்காது, மழையில் நிற்பாய். சொன்னேனா இல்லையா?

இப்போது பெரிய செய்தி. என் பட்டறைக் கொட்டகையில் உன் அப்பாவின் ஜாக்கி அகப்பட்டது! விட்டோமிர் அண்ணன் அந்தச் சிவப்புக் குட்டிக் காரைத் தூக்குவாரே, அதேதான். ஒரே துரு. பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். எண்ணெய் கசிந்தது, என் பூட்ஸின் நாக்கை வெட்டித் தோல் வாஷர் போட்டேன். பெல்கிரேடு இன்ஜினியர் ஒருவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இப்போது தேவாலயத்தையே தூக்கும்.

டிசம்பர் 19, நம் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்குள் பெயின்ட் காய்ந்துவிடும். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

உன் சித்தப்பா
மிலாதின்

கிராஸ், 20 நவம்பர்

அன்புள்ள சித்தப்பா,

படித்ததும் அழுதுவிட்டேன். ஒன்பது வயதில் அம்மாவோடு இந்த வெளிநாட்டுக்கு வந்தவள். அப்பாவுடையது என்று என்னிடம் ஒரு பொத்தான்கூட இல்லை. ஜன்னலோரம் இடம் ஒதுக்கிவிட்டேன். அங்கிருந்து இங்கே வந்துபோகும் பஸ்ஸின் டிரைவர் ஸோரானிடம் கொடுத்துவிடுங்களேன்.

திருநாளுக்கு ஒரு வருஷமாவது நீங்கள் என்னைக் கூப்பிட்டதுண்டா? "உன் சித்தப்பாவுக்கு நம்மளப் பிடிக்காது போல" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

அன்புடன்
டெசா

வல்யெவோ, 1 டிசம்பர்

டெசாக் கண்ணு,

கூப்பிடுவதா? என்ன பேச்சு இது! திருநாளுக்கு நம்மவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் புனிதருக்கே மரியாதைக் குறைவு. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். நாற்பது பேருக்குக் கெண்டை மீன் சொல்லியாயிற்று.

ஸோரானைக் கேட்டேன். "ஐயோ பெரியவரே, பஸ்ஸு ஒரு பக்கம் சாஞ்சிரும்" என்கிறான். நேரில்தான் எடுத்துப் போக வேண்டும்.

சித்தப்பா

கிராஸ், 14 டிசம்பர்

சித்தப்பா, லீவு கிடைக்கவில்லை. ஸோரானிடம் பேசினேன். பஸ் சாயாதாம், சிரிக்கிறார்! ஞாயிறு காலை வீட்டுக்கே வருவார். அப்பாவைக் கையில் வாங்குவது போல இருக்கிறது எனக்கு. — டெசா

வல்யெவோ, 21 டிசம்பர்

டெசா,

திருநாள் முடிந்தது. விடிந்ததிலிருந்து கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அடுப்பு எரிந்தும் வீடு சூடேறவில்லை. திருநாள் ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுழற்றிப் பிட்க இரண்டு பேர் வேண்டும், உனக்கு நினைவிருக்காது. தபால்காரி ராத்மிலா உன் கார்டோடு வந்தாள்.

"கையைக் கழுவிட்டு அந்தப் பக்கம் பிடிம்மா" என்றேன்.

"உங்க நாப்பது பேரு எங்க பெரியவரே?"

"நீதான் முதல் ஆளு."

மீன் நன்றாக இருந்தது என்றாள். அவளுக்குப் பிறகு யாரும் வரவில்லை.

இன்று ஸோரான் வந்தான். ஜாக்கியை ஒரே கையால் தூக்கிவிட்டான். நான் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பினேன். நீ ஜன்னலோரம் இடம் வேறு ஒதுக்கி வைத்திருக்கிறாய்.

ஜாக்கி தூக்குகிறது, அது சத்தியம். பூட்ஸ் தோலும் சத்தியம். இடது காலில் பனி இறங்குகிறது. உன்னைக் கூப்பிடக் கூடாது, கூப்பிடாமல் வரவழைக்கவும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அது விட்டோமிர் அண்ணனுடையது இல்லை, டெசா. சந்தையில் நான் வாங்கியது.

மிலாதின்