இங்கிலிஷில் ஒளித்த நோவு

இன்று காலை உடுவிலில் நான் பராமரிக்கும் ஐயாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, அவருடைய மனைவி நீட்டிய ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். அவ்வளவுதான். நினைவுக்குள் நீ வந்து படுத்துவிட்டாய். ஒரு கையை நெற்றியில் போட்டுக்கொண்டு, "எடி, கெதியாத் துடை, குளிருது" என்றாய். போத்தலை மூடிய பிறகும் வாசம் போகவில்லை, நீயும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொடிகாமத்தில் அந்தத் தேவாலய மண்டபம் நினைவிருக்கிறதா? நோயாளரைப் பராமரிக்கும் வேலையும் இங்கிலிஷும் ஒன்றாகப் படிப்பிக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் நாங்கள். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர், நீ ஒருத்திதான் கலியாணம் கட்டாதவள். ரீச்சர் கரும்பலகையில் எழுதப் போகிறார் என்று கொப்பியை விரித்து வைத்திருந்தோம். அவரோ நேராகப் போய், மண்டபத்தின் நடுவே போட்டிருந்த கட்டிலின் தலைமாட்டில் நின்றார். கால்மாட்டில் சிஸ்டர், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். சிஸ்டர் செய்து காட்ட, ரீச்சர் அதையே இங்கிலிஷில் சொன்னார். "கை செய்யிறதை வாய் சொல்லோணும். சொல்லாமல் ஒருத்தரையும் தொடக்கூடாது." இரண்டு பேருக்கும் அதுதான் சட்டம். இப்போது உங்களை இடப்பக்கம் திருப்பப் போகிறேன். முதுகைத் துடைக்கப் போகிறேன். தண்ணீர் கொஞ்சம் குளிராக இருக்கும். துவாயைப் பிழியப் பிழிய வசனமும் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏறாத இங்கிலிஷ் எங்களுக்குக் கைவழியாகத்தான் ஏறியது.

செய்து பழகப் பொம்மை வாங்க வசதியில்லை. யாராவது நோயாளியாகப் படுக்க வேண்டும். மற்றவர்கள் வெட்கப்பட்டு நிற்க, நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிடுவாய். "வீட்டிலை பகலிலை படுத்தால் அம்மா பேசுவா. இஞ்சை படுத்தால் அது படிப்பு." சிஸ்டரே சிரித்துவிட்டார்.

நோவைக் கேட்கும் பாடம் வந்த அன்று உன்னைப் பிடிக்க முடியவில்லை. சைபர் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத நோவு, இடையில் எத்தனை என்று நோயாளி இங்கிலிஷில் சொல்ல வேண்டும். நான் கேட்டு முடிக்க முந்தியே "ரென், ரென்", பத்து பத்து என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாய். கட்டில் கிறீச்சிட்டது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ரென் எண்டால் உப்பிடிச் சத்தம் வராது, பிள்ளை. ஆள் பேசாமல் கிடக்கும்" என்றார்.

படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்தது. உனக்கு வெளிநாடு சரிவந்தது. போவதற்காகச் செய்த மருத்துவப் பரிசோதனையில்தான் வயிற்றில் கட்டி இருந்தது தெரிய வந்தது. வைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். நான் வேலை முடிந்து பின்னேரம் பின்னேரம் வந்தேன். உன் அம்மா கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கப் போவதை நிறுத்திவிட்டு, பனையோலை விசிறியோடு உன் தலைமாட்டில் இருந்தார். போரில் மகனைக் கொடுத்த மனுஷி.

"அண்ணைக்காக அழுத அழுகை அம்மாவுக்குக் காணும். எனக்கு நோகுது எண்டு அவவுக்குத் தெரியக்கூடாது" என்றாய். அதற்கு வழியும் நீயே கண்டுபிடித்தாய். நான் இங்கிலிஷில் கேட்பேன், நீ "சிக்ஸ்" என்பாய், "செவன்" என்பாய். வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவாய். அம்மா விசிறியை நிறுத்திவிட்டு, "என்னவாம்?" என்று கேட்பார்.

"தண்ணி வேணுமாம், அம்மா."

உடனே எழுந்து குசினிக்குப் போவார். போனால் வர நேரமெடுக்கும். அந்த இடைவெளியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுவாய். "கிழவி கிணறு வெட்டித்தான் தண்ணி கொண்டருவா" என்று அழுகைக்குள்ளேயும் பகிடி விட்டாய். அவர் வருவதற்குள் உன் முகத்தைத் துடைத்துவிடுவேன். எங்கள் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

கடைசிப் பின்னேரம் நான் கேட்டபோது "ரென்" என்றாய். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. அன்று அம்மா என்னவாம் என்று கேட்கவில்லை. தானாகவே எழுந்து தண்ணீருக்குப் போனார்.

விடிய நீ இல்லை.

"வேறை ஒருத்தரும் தொட வேண்டாம். நீ செய், பிள்ளை" என்றார் அம்மா. வெந்நீரும் துவாயும் எடுத்து வந்தேன். அம்மா மறுபக்கம் நின்று உன் தோளைத் தாங்கினார். என் கை துவாயைப் பிழிந்ததும் வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது. இப்போது உன்னை இடப்பக்கம் திருப்பப் போகிறேன், முதுகைத் துடைக்கப் போகிறேன். எல்லாம் இங்கிலிஷில். செத்த வீட்டில் இதென்ன கூத்து என்று வெட்கப்பட்டு நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதை. சொல்லிச் சொல்லித் துடை. அவளுக்கு அது பழக்கம்" என்றார் அம்மா.

துடைத்து முடித்து, உன் நெற்றியில் ஓடிக்கொலோன் தடவினேன். அம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"இப்ப சைபர்தானே, பிள்ளை?"

ஓடிக்கொலோன் போத்தலை மூடிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"சந்தையிலை நிண்டவளுக்கு சிக்ஸும் செவனும் ரென்னும் தெரியாதெண்டோ நினைச்சியள்? நான் நிண்டால் அவள் அழமாட்டாள். அதுதான் தண்ணிக்குப் போனனான்."

எடி, கேட்டாயா? இதை உனக்குச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. இங்கிலிஷ் இலக்கம் தெரியாத ஆள் இந்த ஊரில் யார் என்று யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் முதலில் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பிறகு அம்மாவின் மடியில் தலையை வைத்து ஒரேயொருமுறை வாய்விட்டு அழுதிருப்பாய். அவர் குசினியில் தனியாகவும் நீ கட்டிலில் தனியாகவும் அழுதிருக்கத் தேவையில்லை. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கவலைதான்.

உடுவில் ஐயா பாதி ஆயுளை லண்டனில் கழித்தவர், இங்கிலிஷில் கேட்டால்தான் ஒழுங்காகப் பதில் சொல்லுவார். இன்று நோவு எத்தனை என்று கேட்டேன். "எயிற்" என்றார், எட்டாம். அவருடைய மனைவி ஓடிக்கொலோன் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு, "நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழுந்தார்.

"நீங்கள் இருங்கோ, அம்மா" என்றேன். கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, அவருடைய கையை எடுத்து ஐயாவின் கைக்குள் வைத்தேன். பிறகு ஐயாவின் தோள் குலுங்கத் தொடங்கியது.

நான்தான் தேத்தண்ணீர் போடப் போனேன். அவசரப்படாமல், ஆறுதலாகத்தான் போட்டேன்.