கிரிதரன் உன்னிடம் சொல்லாதது

கிள்ளான், மலேசியா
14.6.2025

அன்பு மகன் ஜீவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், பெர்த் குளிரில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு இனிப்புநீர் நோய் கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. சமையலறைக் கூரை ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் நீ, "கிரிதரன் அங்கிள் போன் செய்தார், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டீர்களாம், பெரிசு பண்ணாமல் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மெசேஜ் போட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மேரு கையுறைத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க், கிரிதரன் மேனேஜர், இது உனக்குத் தெரியும். ஜனவரியில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். அடுக்குகளுக்கு நடுவே வழி குறுகல், தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கையை எடுக்கவில்லை. தட்டிவிட்டேன், சிரித்தார். பிறகு அப்பா நைட் ஷிப்ட் போகும் நாளாகப் பார்த்து மெசேஜ், தனியாகப் படுக்கப் பயமாக இல்லையா என்று. மார்ச்சில் ஒருநாள் அடுக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். நான் கத்தவில்லை, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. கையிலிருந்த கிளிப்போர்டால் நெஞ்சில் குத்தித் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றே எச்.ஆரில் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருக்கும் வாணிக்கு உன் வயதுதான். "உங்களுக்கு அம்பத்தி மூணு ஆவுது அக்கா, யாரும் நம்ப மாட்டாங்க லா" என்றாள். நம்புகிறவர்கள் நம்பட்டும், நீ ஃபைலில் போடு என்றேன். அப்பா, வேலையை விட்டுவிடு என்றார். நான் விடவில்லை. மார்ச்சில் நடந்ததை போர்க்லிப்ட் ஓட்டும் ஜாபர் அலி பார்த்திருக்கிறார். ராமநாதபுரத்துக்காரர், வேலை பர்மிட் ஆகஸ்டில் முடிகிறது, புதுப்பிக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். அதனால் அவரிடம் நான் கேட்கவே இல்லை. அவராக வந்து, "பாத்தத பாக்கலைன்னு சொல்ல முடியாதுக்கா" என்றார். விசாரணையன்று அப்பா லீவு போட்டு வந்து, ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை கார் பார்க்கில் மைவி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிடக்கூட இல்லை. உள்ளே ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். ஜாபர் அலி சொன்ன பிறகு, என் போனில் இருந்த மெசேஜ்களைச் சத்தமாகப் படித்த பிறகுதான் கிரிதரன் மறுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

போன வெள்ளிக்கிழமை கிரிதரனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜாபர் அலியின் பர்மிட் பேப்பர் இன்னும் ஆபீசிலேயே கிடக்கிறது, நான்தான் அடிக்கடி போய்க் கேட்கிறேன். கேண்டீனில் சிலர் என் மேசைக்கு வருவதில்லை. ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் பயிற்சிக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் கிரிதரன், நீ புறப்பட்ட அன்று ஏர்போர்ட்டுக்கும் வந்தார், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உன்மேல் கோபமும் இல்லை. ஆனால் அவர் சொன்னதை முழுசாகக் கேட்டாய், என்ன நடந்தது அம்மா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணையைவிட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட் டிசம்பரில் முடிகிறது, மறந்துவிடாதே. நீ தீர்க்காயுசாக, நல்ல பேரோடு இருக்க வேண்டும். இது கிடைத்ததும் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வீட்டில் இருப்பார், ஆனால் முதலில் என்னிடம் பேசு.

உன் அம்மா
வள்ளியம்மாள்