டீ வடிகட்டியில் வடித்த ஒயின்

என்னங்க,

டிபன் பாக்ஸில் கடிதமா என்று பதறாதீர்கள். நேரில் சொன்னால் கத்துவீர்கள்.

ஸ்வெட்டர்களுக்கு அடியில் இருபத்தாறு வருஷமாகப் படுக்கவைத்திருந்தீர்களே, அந்த ஒயின் பாட்டிலை நீங்கள் குளிக்கப் போனதும் திறந்துவிட்டேன். தக்கை உடைந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து ஜாடியில் ஊற்றினேன். ஓட்டலுக்கே ஒயின் ருசி பார்த்துச் சொல்கிறவர் வீட்டில் இப்படி ஒரு கூத்து! ஆனால் அந்த வாசனை இருக்கிறதே, தனியாக நின்று சிரித்தேன். பிறகு உங்கள் மூக்குக்குப் பயந்து ஜன்னலைத் திறந்தேன்.

“இன்னும் நாலு வருஷம் போகட்டும், அவசரப்படாத” என்று போன மாதம்கூடச் சொன்னீர்கள். ஆபரேஷன் நாளைக்கு. நாக்கில் எவ்வளவு எடுப்பார்கள் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

“பழசத் திறந்தா சாயங்காலம் வரைக்கும்தான் உசிரோட இருக்கும்” என்றதும் நீங்கள்தான். மதியமே வந்துவிடுங்கள்.

நான் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. முதல் வாய் உங்களுக்கு. எப்படி இருக்கிறதென்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நாளைக்குப் பிறகு நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமே.

உங்கள் வீட்டுக்காரி