புல் முளைக்காத சாலை

மார்ச் 4
கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு செத்து இன்றோடு ஒன்பது நாள். புதியது வர மூன்று வாரமாகும் என்கிறார் கடைக்காரர். அதுவரை பிராசஸரோடு வந்த கிராபிக்ஸ்தான் கதி. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! லாரி விளையாட்டை அடிமட்டத் தரத்தில் ஓட்டிப் பார்த்தேன். மரத்தில் இலை இல்லை, சாலையோரம் புல் இல்லை, லாரிக்கு நிழல்கூட இல்லை.

மார்ச் 6
அதிசயம்! என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் ஆடுகிற இலையையும் அடிக்கிற மழையையும் திரையில் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று எழுந்துவிடுவாள். இன்று, "இப்பதாங்க ரோடு ரோடா இருக்கு. குடுங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். ஐந்தே நிமிடத்தில் லாரி வாய்க்காலில்.

மார்ச் 7
மறுபடியும் வாய்க்கால்.

மார்ச் 13
தினமும் மாலை ஆறு மணிக்கு அரைமணி நேரம். கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் பிறர் கண்ணைச் சோதித்துவிட்டு வருகிறவள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியைப் பிடிக்கிறாள். அவள் டிரைவர், நான் கிளீனர். "இடப்பக்கம் வண்டி வருதா பாருங்க!" என்று அதட்டல் வேறு. கல்யாணமான பத்து வருடத்தில் நாங்கள் இவ்வளவு சிரித்ததில்லை.

கார்டு வந்தால் எழுந்து போய்விடுவாளோ? நாள் எண்ணிக்கொண்டிருந்தவன், வராமலே இருந்தால் தேவலை என்கிறேன். எனக்கென்ன கிறுக்கா? ஆனா நெஜமாவே பயமா இருக்கு.

மார்ச் 25
கார்டு வந்தது, மாட்டிவிட்டேன். தரத்தைக் கூட்ட மட்டும் மனம் வரவில்லை. இருந்தாலும் என்ன வழவழப்பு! அவளும் தலைசுற்றல் இல்லாமல் ஓட்டினாள். வீண் பயம்.

மார்ச் 28
ஆசை விடவில்லை. தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். லாரி நத்தையாகிவிட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக, "மானிட்டர் ஒயரை எங்க சொருகியிருக்கீங்க சார்?" என்றார்.

புதுக் கார்டில் சொருகாமல், பழையபடி மதர்போர்டில். மூன்று நாளாகப் பழைய கிராபிக்ஸைத்தான் வழவழப்பு என்று மெச்சியிருக்கிறேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ற மெக்கானிக்கு, ஒரு ஒயரு சொருகத் தெரியலையா?"

கார்டில் சொருகினேன். அடேயப்பா! புல் அலையடிக்கிறது, மழைத்துளி கண்ணாடியில் வழிகிறது. அவள் இரண்டு நிமிடம் பார்த்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அழகாதான் இருக்கு. நீங்க விளையாடுங்க" என்று எழுந்தாள்.

நீங்க விளையாடுங்க. அவ்வளவுதான்.

ஏப்ரல் 1
தனியாக ஓட்டினேன். ஒவ்வொரு இலையும் தெரிகிறது. என்னை அதட்ட ஆளில்லை. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2
அவள் வருவதற்குள் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, ஒயரையும் பிடுங்கி மதர்போர்டில் சொருகி வைத்தேன். வந்தவள் மொட்டை மரங்களைப் பார்த்து நின்றாள்.

"என்னாச்சு?"

"கார்டுல ஏதோ கோளாறு."

குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குப் பொய்யும் சொல்ல வரல. தள்ளி உக்காருங்க."

எட்டரை வரை ஓட்டினாள். சமைக்க இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.