நான்கு மீட்டர் பாதை

ஜனவரி 8, 2025

காலையில் தோட்டத்துக்குப் போனால் வண்டிப்பாதையைக் காணோம். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுராஜ் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். பத்து நாளில் திராட்சை வெட்ட வேண்டும். மினி லாரி எப்படி உள்ளே வரும்?

"பாதையா? இது என் பட்டா நெலம்மா. உங்கத்தா இருந்தவரைக்கும் போனாப் போகுதுன்னு விட்டேன்."

அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த முகத்தில் வெட்கம் என்று ஒன்று இல்லை.

ஜனவரி 10

கிராம அலுவலகம். பாதையின் அளவு தெரிய, நில அளவு வரைபடமான புலப்படம் கேட்டேன். உதவியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது கிழிஞ்சு போச்சு. வீட்ல ஆம்பளையாள வரச் சொல்லுங்க."

ஆம்பளையாள்! அந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் அத்தாவோடு நின்றவள் நான்.

ஜனவரி 11

கிழியவில்லை. அரசாங்க இணையதளத்தில் சும்மா கிடக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டால் போதும். காசும் வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம். வண்டிப்பாதைக்குத் தனிப் புல எண். புறம்போக்கு. அகலம் நான்கு மீட்டர். யாருடைய பட்டாவும் இல்லை. பொய்யன்கள்!

ஜனவரி 13

பிரிண்டை நீட்டினேன். பொன்னுராஜ் வாங்கவே இல்லை.

"போன்ல எடுத்த படத்தக் காட்டி என்னைய வெரட்டப் பாக்குறியா, ஷர்மின்? போயி கேஸப் போடு."

போடுகிறேன்.

ஜனவரி 14

பொங்கல். தோட்டங்களில் ஆள் இல்லை. டேப்போடு போனேன். பொன்னுராஜ் பக்கத்துப் பழைய எல்லைக்கல்லிலிருந்து நான்கு மீட்டர் இழுத்தால், முனை எங்கள் பந்தலுக்குள்ளே போய் நின்றது. மறுபடி அளந்தேன். மறுபடியும்.

எங்கள் பந்தலின் கடைசிக் கல்வரிசை பாதையில் இருக்கிறது. அத்தா, தெரிஞ்சுதான் ஊன்னுனீகளா?

ஜனவரி 15

மனுக் கொடுத்தால் எங்கள் வரிசையும் போகும். கொடுக்காவிட்டால் வழியே இல்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"உங்கத்தா ஊன்னுன கல்லப் புடுங்கவா உன்னையப் படிக்க வச்சாக? ஒன்னும் தெரியாத மாதிரி இரு."

தெரிஞ்சு போச்சே. என்ன செய்ய?

ஜனவரி 20

படத்தை இணைத்து, அளக்கச் சொல்லி தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டேன். பழத்தை வாய்க்கால் கரையோடு தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். பாதி நசுங்கிவிட்டது. வியாபாரி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் பொன்னுராஜைத் திட்டினேன்.

பிப்ரவரி 5

சர்வேயர் வந்தார். அளந்து முடித்து, "ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்றார்.

பொன்னுராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீகளா! இவ அப்பனும் திருடன்தான்!"

கல்லத் தூக்கி எறிஞ்சிரலாம்னு வந்துச்சு. "எங்க வரிசைய நாளைக்கே எடுக்குறேன். நீங்க எப்ப எடுப்பீக?" என்று மட்டும் கேட்டேன்.

பிப்ரவரி 6

பதினோரு கல். கொடிகளோடு. அம்மா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 19

நோட்டீஸ் வந்த பிறகுதான் பொன்னுராஜ் வேலியை எடுத்தார். கம்பியைச் சுருட்டாமல் வேண்டுமென்றே பாதையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கை கிழியக் கிழியச் சுருட்டி அவர் வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன்.

மார்ச் 12

பொன்னுராஜின் மனைவி ராஜமணி வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்து எழுந்து நின்றேன். கையில் ஒரு சீட்டு, புல எண்.

"குச்சனூர்ல எங்கப்பா நெலம். அப்படி ஒரு நெலமே இல்லைங்குறாக எங்க அண்ணன்மாரு. நீ பாத்துச் சொல்லுவியா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

உட்காரச் சொல்லவில்லை நான். எண்ணைப் போட்டேன். நிலம் இருந்தது. பதிவேட்டில் அவருடைய அப்பா பெயரும் இருந்தது. இரண்டையும் பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

வாங்கியவர் நகரவில்லை. கோடுகளின் மேல் விரலை வைத்தபடி, "இதுல கெணறு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.