ஒரே முகம், இரண்டு எண்கள்

அம்மணி,

"டீச்சரம்மா, எனக்கு மூஞ்சி ஒண்ணுதானுங்க. நம்பர் எதுக்குங்க ரெண்டு?" என்று நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டாய். நான் சர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் கையில் லேமினேட் செய்த இரண்டு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டைகள்.

இன்று பீரோவைத் துடைக்கும்போது அவை இருந்த பிளாஸ்டிக் உறை கையில் தட்டுப்பட்டது. திறந்ததும் பஞ்சும் மில் எண்ணெயும் கலந்த வாசனை. வேலை முடிந்து நீ கேட்டைத் திறக்கும்போது உனக்கு முன்னால் உள்ளே வருமே, அதே வாசனை. இத்தனை மாதம் கழித்தும் அது போகவில்லை.

துடியலூரில் என் வீட்டுப் பின்பக்க அறைக்கு நீ குடிவந்தபோது உனக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை. ஒடிசாவிலிருந்து வந்து நூல்மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் சேர்ந்திருந்தாய். ஒரே வருடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைவிட அதிகமாக 'ங்க' போட ஆரம்பித்தாய். பால்காரரின் நாயைக்கூட "தள்ளி நில்லுங்க" என்றாய். "நாய்க்கு எதுக்கு அம்மணி மரியாதை?" என்று கேட்டதற்கு, "கடிக்காம இருக்கோணுமில்லீங்க" என்று சிரித்தாய்.

இரண்டு வருடத்துக்கும் மேலாக ஊர்ப்பக்கமே போகாமல் வேலை செய்தாய். பிறகு ஒரே ஒரு முறை, புது அரிசி சமைத்துப் படைக்கும் உங்கள் பண்டிகைக்காகப் போனாய். போவதற்கு முன், உங்களை மில்லில் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நீ அதை என்னிடம் கொண்டுவந்தாய். படித்துப் பார்த்தேன். 'சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்' என்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. லீவு கேட்கிறவள் எதற்கு நின்றுகொள்ள வேண்டும்? "எல்லாரும் போட்டாங்கங்க. வந்ததும் சேர்த்துக்குவாங்களாம்" என்றாய். சரி, ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்தாய், சேர்த்துக்கொண்டார்கள். புது எண்ணோடு புது அட்டையும் வந்தது.

அதைப் பார்த்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். உதாரணம் சொல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வராது. "புது ரேஷன் கார்டு வந்தா பழசு செல்லாதில்ல? அதே மாதிரிதான். புதுசைப் பத்திரமா வெச்சுக்க" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய். நல்ல உதாரணம் சொல்லிவிட்ட திருப்தியோடு நானும் பஸ் பிடிக்கப் போனேன்.

எட்டு மாதம் கழித்து, துணி காயப்போடும் இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். என் கையைப் பிடித்து உன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாய். "கல்லு மாதிரி இருக்குதுங்க. வலி இல்லீங்க. வலிச்சாத்தானுங்க நோவு?" என் விரலுக்கடியில் அது அசையாமல் இருந்தது.

புற்றுநோய் என்றார்கள். மருத்துவமும் மருந்தும் கிடைத்தன. ஆனால் பல மாதம் நீ வேலைக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். சாதாரண நோய்க்கான உதவித்தொகை மூன்று மாதத்தில் நின்றுவிடும். இப்படிப்பட்ட கடும் நோய்க்கு நீண்ட நாள் தரும் உதவி தனியாக இருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். நீதான் அதற்கு மேலும் இருந்தாயே என்று தைரியமாக உன்னை இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை இரண்டு முறை பார்த்தாள். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்த நம்பர்ல எட்டு மாசந்தானுங்க காட்டுது. கம்பெனி மாறினாலும் ஒரு ஆளுக்கு ஒரே நம்பர்தானுங்க ஓடோணும். பழசும் இவங்களோடதுதான்னு கம்பெனியில எழுதி வாங்கிட்டு வாங்க, சேர்த்துடலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேஷன் கார்டு தவறான உதாரணம். பள்ளி மாறும் பிள்ளையைச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை டி.சி. இல்லாமல் வேறு பள்ளிக்குப் போய், மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? உன்னை அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்று சரி என்று சொன்னவள் நான்.

காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். "ஏனுங்க டீச்சர், அந்தம்மாதான் நின்னுக்கறேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. வந்தப்புறம் புதுசாச் சேர்த்தோம். இதுல எங்க தப்பு என்னங்க?" குரலில் துளிக் கோபம் இல்லை. திங்கட்கிழமை கடிதம் தருகிறேன் என்றார். எத்தனையோ திங்கட்கிழமைகள் போயின. பிறகு என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் நீ வேலைக்குப் போனாய். தலையில் முடி இல்லாததால் முக்காடு போட்டுக்கொண்டு போனாய். மருந்து ஏற்றும் நாளில் லீவு இல்லை என்றார்கள். ஒரு முறை தவறியது, பிறகு இரண்டாவது முறையும். நான் சத்தம் போட்டேன். "வேலை போனா இந்த நம்பரும் போயிருமுங்க டீச்சரம்மா" என்றாய். அதற்கு என்னிடம் எந்த உதாரணமும் இல்லை.

நோய் முற்றி, ஊருக்குப் போக கோவை ஜங்ஷனில் உன்னை ரயிலேற்றியபோது, "அட்டை உங்ககிட்டயே இருக்கட்டுங்க, வந்து வாங்கிக்கறேன்" என்றாய். பையைத் தூக்கி வைத்தவள் நான்தான், உன்னால் முடியவில்லை. உன் தம்பி போனில் செய்தி சொன்னபோது இந்தி பாதி, தமிழ் பாதியாக ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

உன் அறையில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் மூன்று எண்கள் இருக்கின்றன. இந்த முறை பள்ளிக்கூடப் பிள்ளை உதாரணத்தைத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு என்னங்க நோவு வரப் போகுது?" என்று சிரித்தாள். வெள்ளிக்கிழமை அவர்கள் பிரிவில் அதே 'நின்றுகொள்கிறேன்' தாள் கொடுக்கிறார்களாம். முப்பது பேர் ஊருக்குப் போகிறார்கள். அவளைத் தடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மணி. மற்ற இருபத்தொன்பது பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது.

வகுப்பில் தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் கரும்பலகையில் அழித்துவிட்டுத் திருத்தி எழுதுவேன். உனக்குச் சொன்னதைத் திருத்த மறுநாள் இல்லை. அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மடலைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ பக்கத்து அறையிலோ வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவரிடம், அவருக்கு முதன்முதலில் கிடைத்த இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு, ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். எங்கே புதிதாகச் சேர்ந்தாலும் அதையே முதலில் காட்டச் சொல்லுங்கள்.